பத்து ஐந்திலிருந்து பதினொன்றே கால் வரை

லாபிஸ்
9.3.2025, ஞாயிறு

செல்லப்பா,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. திரும்பியும் வரவில்லை, அதனால் விலாசம் சரி என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கைப்பேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் மகள் பிரவீனாவுக்கு அடித்தால், "அப்பா தூங்குறாரு அங்கிள்," என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூங்குகிறாய், மாலை ஐந்து மணிக்கும் தூங்குகிறாய். நல்ல பெண். பொய் சொல்ல வரவில்லை.

போன ஞாயிறு சைக்கிளை எடுத்தேன். நீ விழுந்த பிறகு இதுதான் முதல் தடவை. அது நடந்த தெனாங் பக்கம் போகவில்லை. எதிர்த் திசையில், ஆற்றை ஒட்டிய கம்பத்துக் கிராமங்களின் வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர். பாதை ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகிறது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுநடுவே ரம்புத்தான் மரத்தடியில் ஒரு வீடு, சரமாகக் காயும் சட்டைகள். எதுவும் மாறவில்லை. பாலத்தடிக் கடையில் அந்த மலாய்க்காரர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, "மானா கவான்?" என்றார். கூட்டாளி எங்கே என்கிறார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றேன். அதுவும் பொய்யில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு ஞாயிறு பண்டார் தெங்காராவுக்கு வந்து உன்னைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறேன். நீ பேச வேண்டாம். நானும் பேச வேண்டாம் என்றால் பேசவில்லை.

மகேஸ்வரன்


பண்டார் தெங்காரா
20.3.2025

மகேஸ்வரா,

நான்கும் வந்தது. நான்கையும் படித்தேன். எனக்கு வேறு வேலை என்ன?

என் அறை ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு செம்பனையின் பாதித் தலையும். பிரவீனா காலை ஆறரைக்கு வேலைக்குப் போகிறாள். மாப்பிள்ளை கவின் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து என்னைப் புரட்டிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். நல்ல பையன், முகம் சுளிப்பதில்லை. ஒரு நாள் நண்பரிடம் போனில், "வீட்ல ஆள் இருக்காரு, எங்கயும் வரமுடியாது லா," என்று சொன்னது கேட்டது. தப்பாகச் சொல்லவில்லை. ஆள் இருக்கிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று வடிகாலில் விழுந்து கிடந்தபோது என் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. ஷூவுக்குள் அது அசைவதை உணர்ந்தேன். அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் போல ஆனதும், யாரும் வரமாட்டார்கள் என்று நானே கையை ஊன்றி மேலே ஊர்ந்தேன். இடுப்பில் ஏதோ நழுவியது. அதன் பிறகு அசையவில்லை. எலும்பு உடைந்தது விழுந்தபோது, நரம்பு போனது ஊர்ந்தபோது என்று டாக்டர் சொன்னார். ஆடாமல் கிடந்திருக்க வேண்டுமாம்.

போலீஸ் ரிப்போர்ட்டில் நீ எழுதியது மூன்று வரி. நான் படித்திருக்கிறேன். எனக்கு மூன்று வரி போதாது. அந்த வெள்ளிக்கிழமை பாதை பிரியும் இடத்தில் நின்றதிலிருந்து என்னைக் கண்டுபிடித்தது வரை நீ என்ன செய்தாய், மணி எத்தனை, எழுது. எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற ஆள் நீ. எழுதினால், வருவதைப் பற்றிப் பேசலாம்.

செல்லப்பன்


லாபிஸ்
28.3.2025

செல்லப்பா,

கட்டைவிரலைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேனாவை எடுக்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 16, வெள்ளி. அப்போது ஜோகூரில் வெள்ளிதான் விடுமுறை. லாரி ஓடாது, தோட்டத்துப் பாதை நமக்கென்றே இருக்கும் என்றுதான் பதினோரு வருடமாக மாதம் ஒரு வெள்ளி கிளம்பினோம். யாரும் வராத பாதையில் விழுந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

ரொட்டிக் கடையிலிருந்து 7.15க்குப் புறப்பட்டோம். பிரிவுப் பாதைக்கு நான் வந்தது 9.10. நம் வழக்கப்படி காலை ஊன்றி நின்று இரண்டு முறை மணி அடித்தேன். இதை நானே கொண்டுவந்தேன். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம், அடுத்த ஸ்டேஷன் மணியில் பதில் சொல்லாமல் ஒரு வண்டியையும் விட்டதில்லை. முன்னால் போகிறவன் பாதை பிரியும் இடத்தில் இரண்டு அடிப்பான், பின்னால் வருகிறவன் ஒன்று அடிப்பான், அந்த ஒன்று வராமல் முன்னவன் நகரக் கூடாது. பதினோரு வருடத்தில் நான் நகர்ந்ததில்லை.

அன்றும் ஒரு மணி கேட்டது. 9.11. வளைவுக்குப் பின்னால் நீ கண்ணில் படவில்லை. மணி கொஞ்சம் கனமாக ஒலித்தது. காலையில் கடையில் நான் பேசியதற்குக் கோபம் போகவில்லை, அழுத்தி அடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பிவிட்டேன்.

அது உன் மணி இல்லை. இடது பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு விற்க வந்த ஐஸ்கிரீம்காரரின் கைமணி. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஒன்பது மேடுகளைக் கடந்து சாந்தினியின் செண்டோல் கடைக்கு வந்தபோது 9.50. நீ வழக்கமாகப் பதினைந்து, இருபது நிமிடம் கழித்து வருவாய். 10.15 வரை பார்த்தேன். 10.20க்குத் திரும்பினேன். வழியில் பின்சக்கரம் பஞ்சர். ஒட்டிக் காற்றடித்து வர நேரமாகிவிட்டது. உன்னைப் பார்த்தது 11.40. கைப்பேசியில் லைன் இல்லை. மேட்டின் மேல் ஏறி ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

அந்த மணியை நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். என் குற்றம் அது. அதைச் சொல்லத்தான் வர வேண்டும் என்கிறேன்.

மகேஸ்வரன்


பண்டார் தெங்காரா
15.4.2025

மகேஸ்வரா,

உன் கடிதம் நன்றாக இருக்கிறது. ரயில் அட்டவணை மாதிரி. ஒரே ஒரு வண்டிதான் தண்டவாளத்தில் இல்லை.

பம்ப் என் பையில் இருந்தது. ஒட்டும் சாமானும் என் பையில்தான் இருந்தது. பதினோரு வருடமாக நான்தானே சுமக்கிறேன், "கனமெல்லாம் பின்னாடி வர்றவனுக்கு" என்று நீ போட்ட சட்டம். என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அந்தப் பையும் கூடவே வந்தது. இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீ எதை வைத்து ஒட்டினாய், எச்சிலா?

நேற்று சித்திரைப் புத்தாண்டு. பிரவீனாவும் கவினும் லாபிஸ் கோயிலுக்குப் போனார்கள். திரும்பும்போது சாந்தினி கடைக்குப் போய் நீங்களே கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பிரவீனா மாட்டேன் என்றாள். "செத்துப்போன கதையை ஏம்பா கிளறுறீங்க," என்றாள். கதை சாகவில்லை, கால்தான் செத்தது என்றேன். போனாள்.

சாந்தினிக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்த நாளை அந்தக் கம்பத்தில் யார் மறப்பார்கள்? அவள் சொன்னதைப் பிரவீனா கைப்பேசியில் பதிந்துகொண்டு வந்தாள். நான் நான்கு முறை கேட்டேன். அப்படியே எழுதுகிறேன்:

"ரயில்வே அண்ணன் தானே? ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு மா. ரெண்டு செண்டோல் குடிச்சாரு. நான்கூட கேட்டேன், எங்கண்ணே உங்க கூட்டாளிய காணோம்னு. வருவான் வருவான், ஆமை மாதிரி வருவான்னாரு. அப்புறம் அந்த ஐஸ்கிரீம் மோட்டார் வந்துச்சு, மணி அடிச்சான். அண்ணன் டக்குனு திரும்பிப் பார்த்தாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. என்னாண்ணே, உங்களுக்கும் ஐஸ்கிரீமான்னு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. அதுக்கப்புறமும் உக்காந்துதான் இருந்தாரு."

பஞ்சரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்னொரு முறை எழுது.

செல்லப்பன்


லாபிஸ்
24.4.2025

செல்லப்பா,

பஞ்சர் இல்லை.

ஐஸ்கிரீம் மோட்டார் கடை வாசலில் வந்து நின்றது 10.05க்கு. லயத்தில் விற்றுவிட்டு மெயின் ரோடு வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். ஒரே ஒரு முறை மணி அடித்தார். கனமான சத்தம். கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது, பிரிவில் கேட்டது இதுதான், உன்னுடையது இல்லை என்று. சந்தேகம் என்றுகூடச் சொல்லமாட்டேன். முப்பத்தொரு வருடம் மணியைக் கேட்டே வேலை பார்த்தவன் நான்.

ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது. திரும்பினால் அத்தனை மேட்டையும் மறுபடி ஏற வேண்டும், உன்னோடு சேர்ந்து மூன்றாவது முறையும் ஏற வேண்டும். எனக்கு அறுபத்திரண்டு வயது, முழங்கால் வலித்தது. நீ பிரிவில் வழி தெரியாமல் இடது பக்கம் போயிருப்பாய், லயத்தில் யாரோ வீட்டில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய், போகட்டும், வரட்டும் என்று சொல்லிக்கொண்டேன். நம்பிச் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்திருக்க முடிந்தது, அதனால் சொன்னேன். இரண்டாவது செண்டோல் கேட்டது அப்போதுதான். அதை மெதுவாகக் குடித்தேன்.

11.15க்கு எழுந்தேன். 11.40க்கு உன்னைப் பார்த்தேன்.

போன ஞாயிறு மறுபடி அந்தப் பாதைக்குப் போனேன். சாந்தினி கடையிலிருந்து நீ விழுந்த நான்காவது மேட்டுச் சரிவுவரை ஓட்டிப் பார்த்தேன். இருபத்து நான்கு நிமிடம். அவசரப்படாமல் ஓட்டினால். 10.05க்குக் கிளம்பியிருந்தால் பத்தரைக்கு முன்பே உன்னிடம் வந்திருப்பேன். நீ விழுந்தது ஒன்பதரை வாக்கில் என்றால், ஊர்ந்தது பத்தரைக்கு. ஆடாதே, அப்படியே கிட என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருப்பான்.

வர விடு என்று இனிக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மகேஸ்வரன்


பண்டார் தெங்காரா
9.5.2025

மகேஸ்வரா,

உன் கடிதத்தைக் கவின்தான் கொண்டுவந்து கொடுத்தான். நான் படிக்கும்போது பக்கத்திலேயே நின்றான். "என்ன மாமா, அழறீங்களா?" என்றான். கண்ணில் தூசி என்றேன். "ஏர்கோன் ரூம்ல ஏது மாமா தூசி," என்றான். போடா என்று அனுப்பிவிட்டேன்.

நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். சாந்தினியின் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. நீ உன் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டாய். இனி நான் சொல்லாமல் இருந்தால், நான்தான் பொய்யன்.

அன்று காலை ரொட்டிக் கடையில் நான் மூன்றாவது ரொட்டிக்குக் கை நீட்டியபோது, எல்லாருக்கும் கேட்கும்படி நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பதினோரு வருஷமா ஓட்டி ஓட்டி என் காலு வலிக்கல, இவனுக்காக நின்னு நின்னுதான் வலிக்குது." கடையே சிரித்தது. ரொட்டி வீசுகிறவன்கூட மாவை வைத்துவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் வழி முழுக்க அது உள்ளே இருந்தது. எனக்கும் தெரியும் நான் மெதுவாக வருகிறவன் என்று. அதற்காகத்தானே நம் சுற்றுலாவே, மெதுவாகப் போகலாம், யாருக்கும் அவசரமில்லை என்று. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். உனக்கு அது பதினோரு வருடக் கால்வலி என்று அன்றுதான் தெரிந்தது.

பிரிவில் நீ இரண்டு முறை மணி அடித்தது எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. நான் வளைவுக்கு இந்தப் பக்கம், நூறு கஜம்கூட இருக்காது. கட்டைவிரல் மணி மேல்தான் இருந்தது. அடிக்கவில்லை. நிற்கட்டும், இன்றைக்கும் நிற்கட்டும், கால் வலிக்கட்டும் என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். நீ திரும்பி வந்து கெஞ்ச வேண்டும் என்று இருந்தது. அப்போது அந்த ஐஸ்கிரீம்காரர் மணி எனக்கும் கேட்டது. அதைக் கேட்டு நீ கிளம்புவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால் பிரிவில் நீ இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஆத்திரம். வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக ஓட்டினேன். நான்காவது மேட்டுச் சரிவில் மணல் இருந்தது. மீதி உனக்குத் தெரியும்.

பதினைந்து மாதம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னை வரவிடாததற்கும் இதுதான் காரணம். நீ வந்து என் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்தால் என்னால் தாங்க முடியாது. சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டால் பிறகு யார் மேல் கோபப்பட்டு நாட்களை ஓட்டுவது?

சொல்லியாகிவிட்டது. வா. 18ஆம் தேதி ஞாயிறு வா. பிரவீனாவிடம் உன் மணி விவகாரமும் சொல்லவில்லை, என்னுடையதும் சொல்லவில்லை. அவளுக்கு நீ பழைய அங்கிள்தான். ஒன்றும் வாங்கி வராதே. பழம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

செல்லப்பன்


லாபிஸ்
18.5.2025, ஞாயிறு மாலை

செல்லப்பா,

காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி கூலாய் வந்து சேர்ந்தேன். 10.20. அங்கிருந்து உன் வீட்டுக்கு கிராப் கார் போட்டால் முக்கால் மணி நேரம் என்று காட்டியது. போட்டேன். டிரைவர் பக்கத்தில் வந்ததும் ரத்து செய்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, மறுபடி போட்டேன். மறுபடி ரத்து செய்தேன். பக்கத்து மேசைக்காரர், "என்னா அண்ணே, கார் வேணுமா வேணாமா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

11.50க்கு உன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பதினைந்து மாதத்துக்குப் பிறகு திரையில் உன் பெயர். நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு என்ன நடக்கிறது என்று உள்ளதை எழுதுகிறேன். குற்றம் முழுக்க என்னுடையதாக இருந்தவரை உன்னிடம் வருவது எனக்குச் சுலபம். காலடியில் உட்கார்ந்திருப்பேன். நீ திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இப்போது அப்படி இல்லை. அடித்திருக்கலாமே, ஒரே ஒரு தடவை, கட்டைவிரல் மணி மேல்தானே இருந்தது என்று மனது ஓயாமல் சொல்கிறது. தூங்கப் போகும்போது சொல்கிறது, பல் விளக்கும்போது சொல்கிறது. எனக்கு உன் மேல் கோபம், செல்லப்பா. படுக்கையில் கிடக்கும் மனிதன் மேல் கோபப்படுகிறேன். செண்டோல் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கோபப்படுகிறேன். இது எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் போய்விடும் என்று ஒரு வாரம் பார்த்தேன். போகவில்லை.

இந்த முகத்தை எடுத்துக்கொண்டு உன் அறைக்குள் வர முடியாது. நீ என்னைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாய். பிறகு உனக்கு அந்தச் சுவரும் பாதிப் பனையும்கூட நிம்மதியாக இருக்காது.

ஒரு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இனி எழுத மாட்டேன். நீயும் எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்காமல் வைத்துவிடுவேன். எனக்காகக் காத்திருக்காதே.

மகேஸ்வரன்


பண்டார் தெங்காரா
18.5.2025, ஞாயிறு மாலை

மகேஸ்வரா,

இன்று நீ வரவில்லை.

கவின் நேற்றே எனக்கு முகம் மழித்துவிட்டான். "மாமா, மாப்பிள்ளை நான்தானே, நீங்க ஏன் இப்படி ரெடியாவுறீங்க?" என்றான். காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேருமாக என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது, புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். பதினொரு மணிக்குப் பிரவீனா படுக்க வைக்க வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். பதினொன்றரைக்கு வாசலில் ஒரு கார் நின்றது. பக்கத்து வீட்டுக்கு வந்தவர்கள்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை, பிரவீனாதான் செய்தாள். அடித்துப் பார்த்தேன். நீ எடுக்கவில்லை. பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது. நீ கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடுகிறவன்தானே.

ஒரு மணிக்குப் படுக்க வைத்தார்கள். நீ வருவாய் என்று பிரவீனா மீன் குழம்பு வைத்திருந்தாள். நாங்களே சாப்பிட்டோம். அந்தக் கடிதம் எழுதிப் போட்டதிலிருந்து எனக்கு நெஞ்சில் பாரம் இல்லை, மகேஸ்வரா. நன்றாகத் தூங்குகிறேன். பிரவீனா போனில் சொல்வது இப்போதுதான் உண்மையாகிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு பஸ் உனக்குத் தோதுப்படாமல் போயிருக்கும். அல்லது முழங்கால் வலித்திருக்கும். பரவாயில்லை. அடுத்த ஞாயிறு வா. அது முடியாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு. ஒன்பது மணிக்கெல்லாம் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நான் எங்கே போகப் போகிறேன்.

செல்லப்பன்